இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது?

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கம் தீவை விட்டுச் செல்கின்றன. அந்தத் தீவின் மேற்குப் பகுதியிலும், தென்கரையில் அந்தநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை வரையிலும் வாழைக்கொல்லைகள். ஐப்பசி மழை பிடித்துச் சில வாரங்கள் போனதும் இங்கே பூவன் இலைகளில் மெல்லிய மஞ்சள் கீறல்கள் தென்படும். கீறல் பழுப்பாகும், நடுவில் சாம்பல் பூக்கும், ஒன்றோடொன்று சேர்ந்து இலை ஓரத்திலிருந்து கருகும். இலைப்புள்ளி நோய். வேளாண் அலுவலர்கள் சிகடோகா என்பார்கள்.

பார்த்த அன்றே மருந்து வாங்க ஓடுவது வழக்கம். ஓடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசியாக விரிந்த இலையை ஒன்று என்று வைத்துக்கொண்டு கீழ்நோக்கி எண்ணுங்கள். கீறல் ஐந்தாம் இலையில் இருக்கிறதா? நன்றாக வளரும் வாழை ஏழு முதல் பத்து நாளைக்கு ஓர் இலை விடும். அப்படியென்றால் அந்த ஐந்தாம் இலை ஒரு மாதத்துக்கு முன் குருத்தாக விரிந்தது. இந்தப் பூஞ்சை பெரும்பாலும் தொற்றுவது குருத்து விரியும் பருவத்தில்தான். தொற்றியபின் இரண்டு மூன்று வாரம், சில சமயம் அதற்கும் மேலாக, வெளியே ஒன்றும் தெரியாது. இன்று கண்ணில் படும் கீறல் போன மாத மழையின் கணக்கு. இந்த வார மழையின் கணக்கு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த எழுத்து நடப்பது இலையின் ஈரத்தில். காய்ந்து தொங்கும் பழைய இலை நனைந்தால் அதிலிருந்து பூஞ்சை வித்துகள் காற்றில் எழும்பும். அவை இளம் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் வித்து முளைக்கும், நூல்போல் நீண்டு இலைத்துளையைத் தேடி உள்ளே நுழையும். நடுவில் இலை உலர்ந்துவிட்டால் பயணம் தடைப்படும். ஆகவே எத்தனை மில்லிமீட்டர் மழை என்று கேட்பதைவிட எத்தனை மணி நேரம் இலை நனைந்திருந்தது என்று கேட்பதே பொருத்தம். ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும் நாளைவிட, சாயங்காலம் தூறி, இரவெல்லாம் மூடாக இருந்து, காலை ஒன்பது மணி வரை பனி சொட்டும் நாள்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மழைமானியில் அந்த நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது.

இதை வைத்து மருந்தடிக்கும் நாளைக் குறித்தவர்கள் உண்டு. கரீபியன் கடலில் குவாதலூப் தீவில் 1970களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வாழைக்கு ஒரு முன்னறிவிப்பு முறையை உருவாக்கினார்கள். கருவி மிக எளியது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாய், அதில் அளவுக்கோடுகள். தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து, திறந்த வாயில் வட்டமான உறிஞ்சுதாளைக் கம்பியால் பிடித்துத் தொங்கவிடுவார்கள். தாளிலிருந்து ஈரம் ஆவியாக ஆவியாகக் குழாயில் நீர்மட்டம் இறங்கும். குறைவாக இறங்கினால் காற்று ஈரமாக இருக்கிறது, இலையும் உலராது என்று பொருள். அதோடு வாரந்தோறும் இளம் இலைகளில் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மதிப்பெண் போட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, தேவைப்பட்டபோது மட்டும் மருந்து. ஆண்டுக்கு ஐந்தாறு தெளிப்பில் நோயை அடக்க முடிந்தது. நாள்காட்டியைப் பார்த்து அடிக்கும் பெருந்தோட்டங்கள் பல மடங்கு அதிகம் அடித்துக்கொண்டிருந்த காலம் அது.

இன்று கண்ணாடிக் குழாய் வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்றாக 385 தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில், மழை எல்லாம் அவற்றில் பதிவாகின்றன. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் நின்ற மணிகளைக் கூட்டினால், இலை நனைந்திருந்த நேரத்தை ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். நேரடியாக அளக்கவும் கருவி இருக்கிறது: இலைபோல் சாய்த்துக் கட்டும் ஒரு சிறு தகடு. மேலே நீர் படிந்தால் அதன் மின்பண்பு மாறும், அந்த மாற்றம் நிமிடக் கணக்கோடு பதிவாகும்.

ஒரு சிக்கல் உண்டு. வானிலை நிலையம் நிற்கும் வெட்டவெளியும் ஆற்றுப் படுகையில் நெருக்கமாக நட்ட கொல்லையின் உட்புறமும் ஒன்றல்ல. கொல்லைக்குள் காற்று ஓடாது, பாய்ச்சிய நீர் நிழலில் கிடக்கும், காலையில் வெயில் தாமதமாகவே இறங்கும். நிலையம் தரும் எண்ணைப் படுகைக்காரர் சற்றுக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும்.

நோயை அடையாளம் காணவும் கைபேசி வந்துவிட்டது. 2019-ல் வெளிவந்த துமைனி செயலியில் திருச்சிக்கும் பங்கு உண்டு. பயோவர்சிட்டி, சியாட் ஆகிய பன்னாட்டு ஆய்வு அமைப்புகளோடு துறையூர் அருகே கண்ணனூரில் உள்ள இமயம் வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது அது. ஆப்பிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் எடுத்த சுமார் 18,000 படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். ஐந்து நோய்களையும் கிழங்கு வண்டுத் தாக்குதலையும் சோதனைகளில் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னது. பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் படம் எடுக்கப் புள்ளி வந்திருக்க வேண்டுமே! கேமரா போன மாதத்தைப் பார்க்கிறது. அடுத்த மாதத்தைப் பற்றிச் சொல்ல வானிலைத் தரவுதான் வேண்டும்.

அதுவும் போதாத இடம் ஒன்று இருக்கிறது. இலைப்புள்ளியை உண்டாக்கும் பூஞ்சைகள் மூன்று. அவற்றில் யூமுசே என்ற இனம் 2000-ல்தான் தனியாக அறியப்பட்டது. அதற்கு மாதிரி எடுத்த இடங்களில் தென்னிந்தியாவும் இலங்கையும் உண்டு. மூன்றையும் வெறும் கண்ணால் பிரிப்பது கடினம். அதற்கு ஆய்வகம் வேண்டும். 1993-ல் தொடங்கி, இப்போது தாயனூரில் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் கூப்பிடு தூரத்தில் இருப்பது திருச்சிக்காரர்களின் அதிர்ஷ்டம்.

தரவு தரும் பெரிய லாபம், என்னைக் கேட்டால், மருந்து அடிக்காமல் விட வேண்டிய நாளைச் சொல்வதுதான். பக்கத்துக் கொல்லையில் விசைத்தெளிப்பான் சத்தம் கேட்டாலே நமக்கும் கை பரபரக்கும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தாக்குப்பிடிக்கும் பூஞ்சை மட்டும் மிஞ்சிப் பெருகும். பெனோமில், கார்பென்டாசிம் வகை மருந்துகள் பல நாடுகளில் இப்படித்தான் வலுவிழந்தன. அடித்த இரண்டு மணி நேரத்தில் மழை வந்தாலோ காசு வாய்க்காலோடு போகும். மறுபக்கம், தார் தள்ளிய வாழை புது இலை விடாது. இருக்கும் இலைகளை வைத்தே காய் பெருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஈரமான வாரம் ஒன்றைக் கோட்டைவிட்டால் தார் முற்றுமுன்னே பழுத்துவிடும், மண்டியில் விலை போகாது.

வானிலைத் துறையின் வேளாண் அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது; ஐந்து நாள் முன்னறிவிப்பு மேகதூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கிறது. மழை உண்டு, இல்லை என்பதோடு, கடந்த வாரம் அந்த வட்டாரத்தில் இலை நனைந்திருந்த மணிகள் இத்தனை என்று ஒரு வரியையும் அதில் சேர்க்கச் சம்பந்தப்பட்டவர்கள் முன்வர வேண்டும். அதுவரை கொல்லைக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று: காய்ந்து தொங்கும் நோய் இலைகளை மழைக்கு முன்பே அறுத்து அப்புறப்படுத்துங்கள். அதற்கு அரிவாள் போதும்.