வேண்டாத மின்னஞ்சலைத் தடுக்க என்ன சட்டம் இருக்கிறது?

விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் வேண்டாமென்றால் 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகள் அதற்கு வழி செய்திருக்கின்றன. மின்னஞ்சல் அந்த விதிகளுக்குள் வராது. அதற்கென்று தனிச் சட்டமும் இந்தியாவில் இல்லை. தொல்லை தரும் நோக்கில் மின்னஞ்சல் அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, கருத்துரிமையை நசுக்குகிறது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது. சரியான தீர்ப்புதான். ஆனால் விளம்பர அஞ்சலுக்கென்று அளவான ஒரு சட்டத்தைப் பிறகாவது இயற்றியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2004 முதல் 'கேன்-ஸ்பாம்' சட்டம் அமலில் இருக்கிறது. தலைப்பு வரியில் ஏமாற்றக் கூடாது; அனுப்புபவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும்; வேண்டாம் என்று சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். ஆனால் முதல் அஞ்சலை அனுப்ப நம்மைக் கேட்க வேண்டியதில்லை. பெறுபவர் தாமே வழக்குப் போடவும் முடியாது. 2014-இல் அமலான கனடாவின் சட்டமோ, முதலில் சம்மதம் வாங்கு என்கிறது. அதுதான் நியாயம். நிறுத்தச் சொல்லி அலைய வேண்டியவர் அஞ்சலைப் பெறுபவர் அல்ல.

நமக்கு இப்போதுள்ள நம்பிக்கை 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; இந்த உரிமை நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம்.

அதுவரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். பதிவுப் படிவத்தின் அடியில், 'சலுகைகளை எனக்கு அனுப்பலாம்' என்ற பொடி எழுத்துக்குப் பக்கத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். தெரிந்த கடையின் அஞ்சல் என்றால் 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தலாம். நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் அஞ்சல் அனுப்புவோர், தங்கள் விளம்பர அஞ்சலிலிருந்து ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும் என்று 2024 முதல் கூகுளே நிபந்தனை வைத்திருக்கிறது. முன்பின் தெரியாத அஞ்சலில் மட்டும் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். உங்கள் முகவரி உயிரோடு இருப்பதை அது காட்டிக்கொடுக்கும். போலித் தளத்துக்கும் கொண்டுபோகலாம். 'ஸ்பேம்' என்று குறித்து ஒதுக்குங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். அந்த அஞ்சலை அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அதுவே சான்று.