முகம் வேண்டாம், தோள் போதும்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு பன்ச்சோ வண்ணப்பெட்டியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தீபாவளி, தைப்பூசம், என் குடும்பம் என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பிள்ளைகள் திணறும் இடம் ஒன்றுதான்: அம்மாவின் முகத்துக்கு என்ன நிறம் பூசுவது? ஆரஞ்சில் வெள்ளையைக் குழைத்தால் யாரோ ஒரு வெள்ளைக்காரி வந்து நிற்பார். பழுப்பைக் குழாயிலிருந்து அப்படியே பிதுக்கினால் முகம் மரக்கதவாகிவிடும். குழந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளிறிய இளஞ்சிவப்பைத்தான் உலகமெங்கும் ‘சதை நிறம்’ என்று எழுதி விற்றார்கள். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் தன் மெழுகுக் குச்சியிலிருந்து அந்தப் பெயரை எடுத்ததே 1962இல்தான்.

நம் தோலுக்குத் தனிக் குழாய் கிடையாது, தேவையும் இல்லை. பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம் இரண்டும் கையில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. சியன்னா தூக்கலாக இருந்தால் வெயில் பட்ட கன்னம்; நீலம் தூக்கலாக இருந்தால் தாடைக்குக் கீழே விழும் நிழல். காதுமடல், விரல்நுனி, மூக்கு போன்ற இடங்களில் ரத்தம் தோலை ஒட்டி ஓடுவதால் கொஞ்சம் அலிசரின் சிவப்பைத் தொட்டுக்கொள்ளலாம். பலரும் தவறுவது வெளிச்சத்தில்தான். கறுத்த தோள் ஒன்று வெயிலில் பளபளக்கும்போது அந்தப் பளபளப்பின் நிறம் வெளிர்ப்பழுப்பு அல்ல. வியர்வை வானத்தை அப்படியே திருப்பிக் காட்டுவதால் அது நீலம் ஓடிய வெண்மை. வெள்ளைச் சாயத்தை எடுத்து அங்கே பூசினால் தோல் சாம்பல் பூத்துப்போகும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். எந்த இடத்தைத் தொடப்போவதில்லை என்பதைத் தூரிகையை நனைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

இன்னொரு சங்கடம் சூரியன். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் வெயில் உச்சந்தலையில் நேராக இறங்கும். மற்ற மாதங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐரோப்பியப் பாடநூல்கள் சொல்லித்தரும் சன்னலோர வெளிச்சம், பாதி முகம் ஒளி பாதி முகம் நிழல் என்கிற கணக்கெல்லாம் இங்கே தெருவில் இறங்கினால் செல்லாது. நண்பகலில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடக்கும் ஒருவரைப் பாருங்கள். கண்குழி இருண்டிருக்கும், வாய் இருண்டிருக்கும். வெளிச்சமெல்லாம் தலைமுடியிலும் தோளிலும் கையில் தூக்கிய பையின் மேலும்தான். சிமெண்டுத் தரை வெயிலைத் திருப்பி அடிப்பதால் தாடையின் அடிப்புறம் மட்டும் லேசாகச் செம்மஞ்சளாகத் தெரியும். மனிதரின் மனநிலையை முகத்தில் தேடிப் பழகிய ஓவியருக்கு இந்த வெயில் கதவடைத்துவிடுகிறது. தோள் எப்படிச் சரிந்திருக்கிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது, கழுத்து எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்பதில்தான் இனி அவர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஊரில் நீர்வண்ணத்தில் மனித உருவம் வரைவதற்குக் கிடைத்த வரமே இதுதான்.

ஈரமும் அப்படித்தான், திட்டவும் செய்யலாம், பயன்படுத்தவும் செய்யலாம். மழைக்கு முந்திய பிற்பகலில் ஒரு பூச்சு காய ஆகும் நேரத்தில் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடித்துவிடலாம். பொறுமை இழந்து மேலே அடுத்த பூச்சை வைத்தால் நீர் பின்வாங்கி, ஓவியர்கள் காலிஃபிளவர் என்று அழைக்கும் கறை விரியும். பள்ளி டிராயிங் பிளாக் தாள் என்றால் அதற்குள் அலை அலையாக வீங்கிவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளாவது வேண்டும். ஆனால் அதே ஈரத்தால், சேலையின் ஓரம் நிழலோடு கரைவதற்கு இங்கே வேண்டிய அவகாசம் இருக்கிறது. உருவத்தைச் சுற்றி முழுக்கோடு போட்டு அடைக்காமல், ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் பின்னணியோடு கலந்தும் விடுவதுதான் உணர்ச்சியுள்ள நீர்வண்ண உருவத்தின் உயிர்நாடி. 1972இல் நீர்வண்ண உருவ ஓவியம் பற்றிப் புத்தகம் எழுதிய அமெரிக்க ஓவியர் சார்லஸ் ரீட் வாழ்நாள் முழுக்க வகுப்புகளில் வலியுறுத்தியதும் ஏறத்தாழ இதைத்தான்.

மலேசியாவில் நீர்வண்ணத்துக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. பினாங்கில் யோங் முன் சென், அப்துல்லா அரிஃப் இருவரும் அதற்கு அடித்தளம் போட்டார்கள். இருவரும் மறைந்தது ஒரே ஆண்டில், 1962இல். ஆனால் அந்த மரபில் கடற்கரையும் தென்னையும் படகும்தான் பெரும்பாலும் கதாநாயகர்கள், மனிதர்கள் சின்ன உருவங்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. தலைநகரில் எந்த நீர்வண்ணக் கண்காட்சிக்குள் நுழைந்தாலும் பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கும். கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் நிற்பவர் மட்டும் இரண்டு புள்ளி, ஒரு கீற்று.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. கிளந்தானில் 1934இல் பிறந்து லண்டன் செயின்ட் மார்ட்டின் கலைப்பள்ளியில் படித்துத் திரும்பிய கலீல் இப்ராஹிம், கிழக்குக் கரையின் மீனவப் பெண்களை நீர்வண்ணத்திலும் மையிலும் பாத்திக்கிலும் விடாமல் வரைந்தார். அவருடைய பெண்கள் கூட்டமாக நிற்பார்கள், குனிவார்கள், கூடையை இடுப்பில் இடுக்குவார்கள். முகத்தில் அவர் நேரத்தைச் செலவழிக்கவில்லை. உடம்பின் வளைவே பேசிவிடுகிறது. 2018இல் அவர் மறைந்தார். திரெங்கானு டுங்குனைச் சேர்ந்த சாங் ஃபீ மிங் நேர் எதிர்த் துருவம். யாரிடமும் படிக்காமல் தானே கற்றவர். சாரோங்கின் ஒவ்வொரு பூவையும் மடிப்பையும் பொறுமையாக அடுக்கிக் கட்டுபவர். அந்தத் துணியின் கசங்கலிலிருந்தே உள்ளிருக்கும் உடம்பின் களைப்பு தெரியும். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கலீல் பக்கம். சாங்கின் கைத்திறன் என்னைப் பிரமிக்க வைக்கும், ஆனால் கலீலைப் பார்த்தால்தான் எனக்குத் தூரிகையை எடுக்கத் தோன்றும்.

நம்மவர்களில் உருவ ஓவியத்துக்குப் பெயர் பெற்றவர்கள் வேறு ஊடகத்துக்குப் போய்விட்டார்கள். ராமநாதபுரம் அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் படித்த சையது தாஜுதீனின் நீண்ட கண்ணும் வளைந்த இடையும் கொண்ட பெண்களில் அஜந்தாச் சுவரின் சாயல் தெரியும். 1972இல் அவர் வரைந்த பெரிய ராமாயண ஓவியம் மலேசியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மலேசிய இந்தியரின் வீட்டையும் நினைவையும் தொடர்ந்து வரையும் அனுரேந்திர ஜெகதேவாவும் பெயர் பெற்றது எண்ணெய், அக்ரிலிக் ஓவியங்களில்தான். காகிதம் இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், கண்ணாடிச் சட்டம் போட வேண்டும், வாங்குகிறவர் கித்தானுக்குக் கொடுக்கும் விலையைக் காகிதத்துக்குக் கொடுக்க யோசிப்பார். காரணங்கள் நியாயமானவைதான். அதற்காக ஓர் ஊடகத்தையே விட்டுக்கொடுக்க முடியுமா?

மாதிரிக்கு ஆள் எங்கே என்று அடுத்துக் கேட்பார்கள். ஆடையில்லாத மாதிரியை நிறுத்தி வரையும் வகுப்பு இங்கே சுலபமாகக் கிடைக்காது. ஆனால் ரோடினை நினைத்துப் பாருங்கள். 1906 ஜூலையில், அறுபத்தைந்து வயதில், கம்போடிய அரசவை நடனப் பெண்களைப் பாரிசில் பார்த்துச் சொக்கிப்போன அந்தச் சிற்பி, அவர்கள் பின்னாலேயே மார்செய் துறைமுகம் வரை போனார். சுமார் 150 ஓவியங்கள் வரைந்து குவித்தார். ஆளின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், தாளைப் பார்க்காமலே பென்சில் ஓடும். பிறகு அதன் மேல் கோட்டுக்கு அடங்காத நீர்வண்ணம். ஒரு கையின் வளைவுதான் அவருக்கு வேண்டியிருந்தது, கையின் ஐந்து விரலும் சரியாக வந்ததா என்பது இரண்டாம்பட்சம்.

அந்த வசதி பிரிக்பீல்ட்ஸில் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பெர்ஹாலா சாலையில் இருக்கிறது. தித்திவங்சாவில் ரம்லி இப்ராஹிமின் சூத்ரா இருக்கிறது. இப்படி எந்த நாட்டியப் பள்ளியிலும் பொறுப்பாளரிடம் முறையாக அனுமதி கேட்டு, பயிற்சி நேரத்தில் மூலையில் உட்கார்ந்தால் அரைமண்டியே ஒரு மாதப் பாடம். மேடை ஒப்பனை, நகை எதுவும் இல்லாத பயிற்சிச் சேலையில் தொடையின் இறுக்கமும் முதுகின் நேர்த்தியும் துணிவழியே துல்லியமாகத் தெரியும். ஜதி முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகும்போது தாளை மூடிவிடாதீர்கள், களைத்து நிற்கும் உடம்பு அப்போதுதான் கிடைக்கும்.

பத்துமலைத் தைப்பூசத்துக்கும் இதே ஆலோசனைதான். காவடி எடுத்தவரைக் குறிவைத்து ஆயிரம் கேமராக்கள் சூழ்ந்திருக்கும். மயிலிறகும் அலகும் அவ்வளவு பகட்டாக இருப்பதால் ஓவியமும் புகைப்படத்தின் நகலாகவே முடிகிறது. காவடிக்காரருக்குப் பின்னால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடும் தம்பியை யாரும் வரைவதில்லை. 272 படி ஏறி இறங்கி, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலுக்குக் காத்திருக்கும் அப்பாவையும்தான். சந்தனத்தின் மஞ்சள், அப்பாவின் கழுத்துப் பழுப்பு, தூங்கும் கையின் தொங்கல், மூன்றே பூச்சுகளில் வரக்கூடிய படம் அது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்கு முந்திய வாரம் போனால், பைகளின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்த உடல்கள் தெரு முழுக்க நடக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் 1905இல் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ் வீடுகள் 2010களில் இடிக்கப்பட்டன. அதற்கு முன்பே எத்தனையோ பேர் அந்த வரிசை வீடுகளைப் படமெடுத்துக்கொண்டார்கள், வரைந்துகொண்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவ்வளவாக யார் கண்ணிலும் படவில்லை. அந்தத் தலைமுறை இன்னும் காலையில் அந்த வட்டாரக் கடைகளில் பசியாற வருகிறது. போய் அண்ணே, ஐயா என்று கூப்பிட்டு, வரையலாமா என்று கேட்டு, ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு எதிரே உட்காருங்கள். இருபது நிமிடம் தாராளமாக நிலைமாறாமல் இருப்பார்கள். வாய் மட்டும் நிற்காது, ஆனால் நமக்குத் தோள் போதுமே.