வைஃபை அறுகிறதா? ரவுட்டரை மாற்ற அவசரப்படாதீர்கள்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கடைக் கணனியை அப்படியே விட மனம் வராமல் விண்டோஸ் 11க்கு மாற்றினேன்.

மறுநாளே தொல்லை. மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்பும்போது பாதியில் வைஃபை அறுந்தது. பணம் போனதா என்று தெரியவில்லை. மீண்டும் அனுப்பப் போனேன். 'முதலில் கணக்கைப் பாருங்கள் வாப்பா' என்றான் மகன். பார்த்தால், பணம் போயிருந்தது! அவன் சொல்லாவிட்டால் இரட்டிப்பாகப் போயிருக்கும்.

புது ரவுட்டர் வாங்கவே எண்ணினேன். ஆனால் அதே வைஃபையில் கைத்தொலைபேசி சீராக வேலை செய்தது. அப்படியானால் கோளாறு கணனியில்தானே?

டிவைஸ் மனேஜரில் வைஃபை அடப்டரைத் திறந்து, 'பவர் மனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த அடப்டரை நிறுத்தலாம் என்ற அனுமதியின் சரி அடையாளத்தை நீக்கினேன். அறுவது குறைந்தது, நிற்கவில்லை. பின்னர் கணனித் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து எனது மொடலுக்குரிய புதிய வைஃபை ட்ரைவரை இறக்கிப் பதிந்தேன். நின்றது. பழைய ட்ரைவர்தான் பொருந்தாமல் இருந்திருக்கிறது.

இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. சரிவராவிட்டால் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம்; ஆனால் அந்த வசதி சாதாரணமாக 10 நாட்களுக்குத்தான். ஆகவே கணனியை மாற்றிய வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்.