கட்டத்திலிருந்து காமிராவுக்கு

சித்திரக்கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் சோற்றையும் மறந்துவிடுவோர் நம்மில் பலர் உண்டு. பெரியவர்களும் அந்த ருசியை அறிந்தவர்களே. 1972-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் புறப்பட்டபோது, அதைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த சிறுவர் சிறுமியர் இன்று தாத்தா பாட்டிகளாகிவிட்டனர். அத்தகைய பழைய கதை ஒன்றின் ஒரே ஒரு கட்டத்தை எடுத்து, அதில் உள்ளபடியே ஆட்களை நிறுத்தி, நிழற்படமாக எடுப்பது இன்று பலருக்கும் பிடித்த கலையாகியுள்ளது. பார்ப்பதற்கு இது விளையாட்டுப் போலத் தோன்றும். செய்து பார்த்தால்தான் அதில் எத்தனை பாடங்கள் உண்டு என்பது விளங்கும்.

முதலில் மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த கதை இது. படம் வரைந்து புகழ் பெற்றவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கதாநாயகனுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்து, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஓவியருக்கு இது எளிது. உடலை வரையாமல் விட்டால் போதும். காமிராவோ எதிரில் நிற்கும் எதையும் விடாது.

ஆகவே காமிராவை முக்காலியில் அசையாமல் பொருத்தி, ஆளில்லாத அறையை ஒரு முறையும், கையுறை அணிந்த ஆளோடு ஒரு முறையும் எடுக்க வேண்டும். பிறகு கணினியில் ஒன்றின்மேல் மற்றொன்றை வைத்து, ஆளை அழித்துக் கையை மட்டும் நிறுத்த வேண்டும். ஃபிலிம் காலத்தில், கறுப்புத் துணியால் உடலை மூடிக் கறுப்புத் திரைமுன் நிறுத்தி, ஒரே ஃபிலிமில் இரு முறை படம் பிடித்து இதைச் சாதித்தார்கள். நிழலிலும் கவனம் வேண்டும். மேசைமேல் கையின் நிழல் மட்டுமே விழலாம்; உடலின் நிழலும் சேர்ந்து விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓவியத்தில் முகத்தின் ஒரு பாதி மைபோல் இருண்டிருந்தால், விளக்கு ஒன்றே ஒன்று, அதுவும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். விளக்கு இடம் மாறினால் கதையின் திகிலே போய்விடும்.

நம் நாட்டில் இந்தக் கலை, சித்திரக்கதையைவிட அதற்கு முன்னோடியான அச்சுப் படங்களைக் கொண்டே சிறப்பாக வளர்ந்துள்ளது. ஓவியர் ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களை வீடுதோறும் சேர்த்தார். 1967-இல் ஆனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை நூல்களிலும் தேவியரின் சேலைக் கட்டும், நகையும், நிற்கும் பாங்கும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, நிழற்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து, 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய படவரிசை ஒன்றை உருவாக்கினார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், திரைப்படக் காட்சி ஒன்று, வேளாங்கண்ணி மாதாவின் பக்திப் படம் ஆகியவற்றை, தாமே வேடமேற்று நின்று மறுபடி படைத்தார். பிரிட்டிஷார் காலத்தில் மனித இன ஆய்வு என்ற பெயரில் மலைவாழ் மக்களைக் கட்டம் போட்ட திரைமுன் நிறுத்தி அளவெடுத்த படங்களும் உண்டு. அந்தக் கட்டத்தின் முன்னும் அவர் போய் நின்றார். பிறர் பார்வைக்குப் பொருளாக நிற்பது எத்தகையது என்பதைச் சொற்களால் அன்றித் தம் உடலாலேயே கேட்டார் எனலாம். 2020-ஆம் ஆண்டில் சென்னைக் கலைஞர் ஜி. வெங்கட் ராம், ‘நாம்’ அறக்கட்டளையின் நாள்காட்டிக்காக, நடிகையரைக் கொண்டு ரவிவர்மா ஓவியங்களை மீண்டும் நிழற்படமாக்கினார்.

இதை நம் ஊர்ப்பக்கம் வைத்துப் பார்ப்போம். கோட்டக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள். சித்திரக்கதை ஒன்றில், உப்புக்கூடையைத் தலையில் ஏந்தி ஒரு பெண் வரப்பில் நடப்பதாக ஒரு கட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவியத்தில் அவள் கழுத்து நேராக இருக்கும். முகத்தில் புன்னகையும் இருக்கும். அதையே படமெடுக்கப் போனால், வெள்ளை உப்பின் கண்கூசும் ஒளியில் காமிரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். முகத்துக்கென்று ஒளியைத் திருத்தி வைக்க வேண்டும். கூடைக்குள் பஞ்சை வைத்தால் கழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையாகவே உப்பை ஏற்றினாலோ, சும்மாடு அழுந்தும், ஒரு கை தானாகவே கூடைக்குப் போகும், கண் தரையைத் தேடும், புன்னகை மறையும். கோட்டில் இல்லாத பாரம் அப்போதுதான் நமக்குத் தெரியவரும். அந்தப் பாரத்தை நாள்தோறும் சுமக்கும் தாய்மாரை அதன்பின் நாம் வெறும் அழகுக் காட்சியாகப் பார்க்க மாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. ஓவியத்தைக் கற்பனை என்பார்கள், நிழற்படத்தை நம்பிவிடுவார்கள். சிறுமலர் தெரேசாள் 1895 ஜனவரியில், பிரான்சின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில், தாம் எழுதிய நாடகத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்தார். சங்கிலியுடன் சிறையில் இருக்கும் ஜோனாக அவரும், ஆறுதல் கூறும் புனித கத்தரீனம்மாளாக அவர் அக்காள் செலினும் நின்ற நிழற்படம் இன்றும் இருக்கிறது. மனந்திரும்பியவளாகச் சொல்லப்பட்ட டயானா வாகன் என்ற பெண்ணுக்கு அப்படத்தை அன்போடு அனுப்பினார்கள். அப்படி ஒரு பெண்ணே கிடையாது. 1897 ஏப்ரல் 19 அன்று பாரிசில் லியோ தாக்சில் என்பவன், அவள் தன் கட்டுக்கதையே என்று கூட்டத்தின் முன் அறிவித்தான். அந்த அரங்கில் தெரேசாளின் படமும் திரையில் காட்டப்பட்டது. தூய உள்ளத்தோடு எடுத்த படமும் கை மாறினால் ஏளனப் பொருளாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே தோழியரே, விடுமுறையில் ஒரு கட்டத்தைத் தேர்ந்து முயன்று பாருங்கள். நிற்பவரின் சம்மதத்தை முதலில் கேளுங்கள். படம் யாரிடம் போகிறது என்பதை அவருக்குச் சொல்லுங்கள். யாருடைய உழைப்பையும் பக்தியையும் வேடிக்கையாக்காதீர்கள். படத்தின் கீழே மூல ஓவியரின் பெயரையும், கதையின் பெயரையும், இது மறுபடைப்பு என்பதையும் மறவாமல் எழுதுங்கள். அப்படி எடுத்த படத்தை நாளை உங்கள் பிள்ளைகளிடம் தயக்கமின்றிக் காட்டலாம்.