முட்டுச்சந்துகளும் தப்பும் வழிகளும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பாரடைஸ் என்ற மலையூர், 2018 நவம்பர் 8 அன்று மூண்ட காட்டுத்தீயில் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தது. அத்தீயில் 85 பேர் உயிரிழந்தனர், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. காலை ஆறரை மணியளவில் தொலைவில் பற்றிய நெருப்பு, பலத்த காற்று சுமந்துவந்த கங்குகளால் எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் பரவிவிட்டது. ஆயினும் அந்தப் பேரழிவைக் காற்றின் வேகத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. சாலைகள் அமைந்திருந்த விதத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

இரு பள்ளத்தாக்குகளுக்கு இடைப்பட்ட மலைமுகட்டின் மேல் அமைந்த ஊர் அது. சமவெளிக்கு இறங்கும் சாலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றிலிருந்து கிளைத்த தெருக்களில் பல, பள்ளத்தாக்கின் விளிம்பை அடைந்ததும் முட்டுச்சந்துகளாக முடிந்தன. வலையமைப்புகளை ஆராயும் கணிதத்தில், எந்த ஓர் இணைப்பு அறுந்தால் வலை இரண்டு துண்டாகிவிடுமோ அந்த இணைப்பைப் 'பாலம்' என்பார்கள். முட்டுச்சந்து ஒவ்வொன்றும் இந்தப் பொருளில் ஒரு பாலமே. அதன் வாயில் ஒரு மரம் சாய்ந்தாலோ ஒரு வண்டி பழுதாகி நின்றாலோ உள்ளே குடியிருப்போர் அனைவரும் சிக்கிக்கொள்வர்.

சாலையின் கொள்ளளவும் எல்லைக்குட்பட்டதே. இரண்டு நொடிக்கு ஒரு வண்டி வீதம் தடையின்றிச் சென்றால் ஒரு தடத்தில் மணிக்கு 1,800 வண்டிகள் கடக்கலாம். பாரடைஸில் வாழ்ந்த சுமார் 26,000 பேர், வண்டிக்கு இருவராகப் புறப்பட்டாலும் 13,000 வண்டிகள் சேரும். ஒரே தடத்தில் அவை வெளியேற ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். புகையும், சந்திப்புகளில் பக்கத்தெரு வண்டிகள் நுழைவதால் ஏற்படும் நெரிசலும் அந்த வேகத்தை இன்னும் வெகுவாகக் குறைத்துவிடும்.

2008-இல் ஏற்பட்ட தீவிபத்துகளுக்குப் பின், ஊரை மண்டலங்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற்றவும், முதன்மைச் சாலையான ஸ்கைவேயின் இருபுறத் தடங்களையும் வெளிச்செல்லும் திசைக்கே திருப்பிவிடவும் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. அந்தத் திட்டம் மதிக்கத்தக்கது. ஆனால் தீ எல்லா மண்டலங்களையும் ஏறத்தாழ ஒரே வேளையில் தாக்கியதால் வரிசைமுறை பயனற்றுப்போனது. நடந்துசெல்வோரின் பாதுகாப்புக்காக 2014-இல் ஸ்கைவேயின் கடைவீதிப் பகுதி நான்கு தடத்திலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டதும் பின்னர் விவாதத்துக்குள்ளானது. நடப்பவரின் உயிரும் விலைமதிப்பற்றது என்பதால், அந்தக் குறுக்கலைக் குறைகூறுவதைவிட, முட்டுச்சந்துகளைக் குறுக்குச் சாலைகளால் இணைக்காமல் விட்டதையே பெருங்குறையாகக் கருத வேண்டும்.

வெளியேற இயலாதோருக்கும் வழி வகுப்பது திட்டமிடலின் கடமை. அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தது, எரியக்கூடிய பொருள் குறைவான வாகன நிறுத்துமிடங்கள் போன்ற தற்காலிகப் புகலிடங்களில்தான். போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டேயில் 2017 ஜூனில் தீக்குப் பலியான 66 பேரில் 47 பேர் ஒரே சாலையிலும் அதன் அருகிலும் மாண்டனர் என்பதை நினைத்தால், காலம் கடந்து சாலையில் இறங்குவதைவிட இத்தகைய புகலிடம் எவ்வளவு மேலானது என்பது விளங்கும்.

அபாயப் பகுதிகளில் குறைந்தது இரண்டு வெளியேறும் வழிகள் இல்லாத குடியிருப்புகளை உள்ளாட்சிகள் கண்டறிய வேண்டும் என 2019-இல் கலிபோர்னியா சட்டமியற்றியது. கண்டறிந்தபின் இணைப்பதுதான் கடினம்: தங்கள் தெரு வழியே அயலார் வண்டிகள் ஓடுவதைப் பலர் விரும்புவதில்லை. நாள்தோறும் பூட்டியிருந்து அவசர வேளையில் மட்டும் திறக்கும் கதவை இணைப்புச் சாலையில் வைப்பது இதற்கு ஏற்ற உடன்பாடு. ஆனால் அந்தக் கதவு, சாவிக்காரர் வரும்வரை காத்திராமல் வண்டியால் தள்ளினாலே திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும்.