நூற்றுக்கு 99 போதாத தொழில்

கணக்குத் தேர்வில் நூற்றுக்கு 99 வாங்கி வந்தால் வீட்டில் பாயசம் உண்டு. அக்கம்பக்கத்தில் பாராட்டும் உண்டு. ஆனால் அந்த 99 எந்த மூலைக்கும் காணாத தொழில் ஒன்று இருக்கிறது. கணினி, கைப்பேசி, மோட்டார் கார், மின்சார மீட்டர் என எங்கும் நிறைந்திருக்கும் சிலிக்கன் சில்லுகளைச் செய்யும் தொழில்தான் அது.

அத்தொழில் இப்போது நம் நாட்டிலும் பெரிய அளவில் காலூன்றத் தொடங்கியுள்ளது. 2021 டிசம்பரில் மத்திய அரசு இதற்கென 76,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2024 மார்ச் 13 அன்று மூன்று ஆலைகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. குஜராத்தின் தொலேராவில் ஒன்று, அதே மாநிலத்துச் சானந்தில் ஒன்று, அசாமின் ஜாகிரோடில் ஒன்று. "அங்கே எங்களுக்கு வேலை கிடைக்குமா? அதற்கு என்ன படிக்க வேண்டும்?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பதில் சொல்லுமுன், ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கோல அச்சும் சில்லும்

மணலில் ஆக்சிஜனோடு கூடியிருக்கும் தனிமம் சிலிக்கன். அதைப் பிரித்தெடுத்து, மிகத் தூய்மையாக்கி, ஒரே படிகமாக வளர்த்து, மெல்லிய வட்டத் தகடுகளாக அறுக்கிறார்கள். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தகட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒருசேர உருவாகும்.

வாசலில் கோல அச்சு வைத்து மாவை நிரப்பினால் துளை உள்ள இடத்தில் மட்டும் மாவு விழுகிறதல்லவா? அதைப்போலவே, ஒளியுணர் பூச்சுப் பூசிய தகட்டின்மீது ஓர் அச்சின் வழியே புற ஊதாக் கதிரைச் செலுத்துகிறார்கள். கதிர் பட்ட இடமும் படாத இடமும் வெவ்வேறு தன்மை பெறும். பின்னர் வேண்டிய இடத்தை அரித்தெடுப்பார்கள். போரான், பாஸ்பரஸ் போன்ற தனிமங்களின் அயனிகளைச் செலுத்துவார்கள். உலோகப் படலம் படிய வைப்பார்கள். மறுபடி பூச்சு, மறுபடி கதிர். இப்படிப் பல நூறு படிகளைத் தகடு கடக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. மொத்தம் 500 படிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 99 சில்லுகள் பழுதின்றித் தேறுகின்றன. 1,000 சில்லுகளில் தொடங்கினால் இறுதியில் மிஞ்சுவது எத்தனை? 0.99 என்பதை 500 முறை பெருக்கிப் பாருங்கள். 0.0066 வரும். அதாவது, மிஞ்சுபவை ஆறோ ஏழோதான்! ஒவ்வொரு படியிலும் தேர்ச்சி 99.9 விழுக்காடானால் 606 சில்லுகள் மிஞ்சும். 99.99 ஆனால் 951 மிஞ்சும். ஆலை பிழைப்பதும் மூடுவதும் இந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஒன்பதுகளைக் காப்பதே அங்குள்ள அனைவரின் வேலையும்.

யார் யாருக்கு வேலை?

தொலேரா ஆலை 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான தொழில்நுட்பங்களுக்காகத் திட்டமிடப்பட்டது. 28 நானோமீட்டர் என்பது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ 2,500-இல் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசும் அங்கே பாறாங்கல்தான். ஆகவே தூய்மை அறையில் வடிகட்டிய காற்று மேலிருந்து கீழாக ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும். உள்ளே செல்பவர் தலை முதல் கால் வரை மூடிய உடை அணிய வேண்டும். முகப்பவுடர் கூடாது, பென்சில் கூடக் கூடாது, அதன் கரித்தூள் உதிருமல்லவா!

இந்த அறையில் ஒவ்வொரு படியின் வெப்பநிலை, அழுத்தம், நேரம் ஆகியவற்றை வகுப்பவர்கள் செயல்முறைப் பொறியாளர்கள். பொறியியல் பட்டதாரிகளும், இயற்பியல், வேதியியல், பொருளறிவியல் முதுகலைப் பட்டதாரிகளும் இதற்கு ஏற்றவர்கள். பம்புகள், வெற்றிட அறைகள், தகடுகளை நகர்த்தும் எந்திரக் கைகள் ஆகியவற்றைப் பழுதின்றி ஓட்டுபவர்கள் கருவித் தொழில்நுட்பர்கள். எந்திரவியல், மின்னியல், மின்னணுவியல் டிப்ளமோ படித்தவர்களுக்கு இங்கே இடமுண்டு. தகடு கழுவ மிகமிகத் தூய நீர் வேண்டும். சிலேன் என்னும் வாயு, கசிந்து காற்றைத் தொட்டால் தானே தீப்பற்றும். நீரையும் வாயுக்களையும் காவல் காக்க வேதியியல் அறிந்தவர்கள் தேவை. பழுது எங்கே நுழைந்தது என்று எண்களைக் கொண்டு துப்புத் துலக்கப் புள்ளியியல் அறிந்தவர்கள் தேவை.

ஜாகிரோடு ஆலையின் வேலை வேறு. உருவான சில்லுகளை வெட்டி, இணைப்புகள் கொடுத்து, உறையிட்டு, சோதிப்பது. நாளொன்றுக்கு 4.8 கோடி சில்லுகள் என்பது அதன் திட்ட அளவு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2023-இல் சில்லு உற்பத்திக்கென ஒரு டிப்ளமோ பாடத்திட்டத்தையும் வெளியிட்டது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக் செல்ல எண்ணுவோர் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவு கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிடாதீர்கள். சில்லு ஆலை இரவும் பகலும் ஓடும். முறை வைத்து இரவு வேலையும் பார்க்க வேண்டும். சில்லு வணிகமோ ஏற்ற இறக்கம் மிகுந்தது. 2021-இல் சில்லு கிடைக்காமல் உலகெங்கும் கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. 2023-இல் உலகச் சில்லு விற்பனை சரிந்தது.

நம் நாட்டு வரலாறும் ஒரு பாடம் சொல்கிறது. பஞ்சாபின் மொகாலியில் அரசின் சில்லு ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989-இல் தீ விபத்தில் அது பெரும் சேதமடைந்தது. மீண்டு எழப் பல ஆண்டுகள் பிடித்தன. அதே ஆலையில் செய்யப்பட்டு, 2025 செப்டம்பரில் பிரதமரிடம் வழங்கப்பட்டதே, ராக்கெட்டுகளுக்கான விக்ரம்-3201 சில்லு. ஆலைகள் தடுமாறலாம். ஆனால் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் ஐயமறக் கற்றவருக்கு மருந்து ஆலை, சூரிய மின்கல ஆலை, ஆய்வுக்கூடம் என்று வேறு கதவுகளும் திறக்கும். ஆகவே தொழிலின் பெயரைப் பார்த்து மட்டும் பாடத்தைத் தேர்ந்தெடுக்காமல், அடிப்படையில் வலுப்பெறுங்கள்.

இன்றே தொடங்கலாம்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனி ஊசல் சோதனையில் ஈர்ப்பு முடுக்கம் 980 வர வேண்டும் என்பதற்காக, சிலர் அளவீடுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுவதுண்டு. மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தோடு ஒருவர் சில்லு ஆலைக்குள் நுழைந்தால்? 'சரியாக இருக்க வேண்டிய' எண்ணை அவர் எழுதிவைக்க, உலை பிழையாகவே ஓடிக்கொண்டிருக்கும். தகடுகள் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போகும். அங்கே மிகவும் வேண்டப்படுபவர், பிழையான அளவீடு வந்தால் அதையே எழுதி, உடனே மேலாளரிடம் சொல்பவர்தான்.

அடுத்த செய்முறை வகுப்பில் திருகு அளவியை எடுத்து, ஒரு தாளின் தடிமனைப் பத்து இடங்களில் அளந்து பாருங்கள். பத்தும் ஒன்றாக இராது. வந்ததை வந்தபடியே எழுதுங்கள். பிறகு, ஏன் வேறுபட்டன என்று ஆசிரியரோடு விவாதியுங்கள். அந்த அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10,000 நானோமீட்டர். அங்கிருந்து 28-க்கு இறங்க வேண்டும். தூரம் அதிகம்தான், முதற்படி உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது.