இல்லாத காலில் வலி

புதுச்சேரி, கதிர்காமத்தில் வசிக்கும் எங்கள் பெரியத்தாவுக்குச் சர்க்கரை நோயினால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற நேரிட்டது. ஆறு திங்கள் கடந்த பின்னும், “பெருவிரலில் யாரோ ஊசியால் குத்துவது போலிருக்கிறது” என்பார். விரல்தான் இல்லையே! வீட்டாருக்கு அது மனப்பிரமையாகவே பட்டது. நாளடைவில் அவரும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அவர் கூறியது மெய்யே என எங்களுக்கு உணர்த்தியது, பார்வையைப் பற்றி ஆராயத் தொடங்கிய ஒரு தமிழரின் பணியாகும்.

டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் 1951ஆம் ஆண்டு தமிழகத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்திலேயே, 1972இல், அவருடைய ஆய்வுக் கட்டுரை உலகப் புகழ்பெற்ற ‘நேச்சர்’ ஏட்டில் வெளிவந்தது. இரு கண்களுக்கும் வெவ்வேறு வண்ணக் கண்ணாடி வைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று மோதும். ஆயினும் எது முன்னே, எது பின்னே என்பதை மூளை கணித்துவிடும் என்பது அதன் சாரம். பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, 1983இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் சேர்ந்தார்.

கண் கொண்டு வருவது பாதிச் செய்திதான். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வெள்ளைத்தாளில் இடப்புறம் ஒரு பெருக்கல் குறி, எட்டு சென்டிமீட்டர் தள்ளி வலப்புறம் ஒரு கரும்புள்ளி இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் குறியை மட்டும் நோக்கியவாறு தாளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ ஓரடி தூரத்தில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. ஆனால் அங்கே ஓட்டை தெரிவதில்லை, வெள்ளைத்தாளே தெரிகிறது! மூளை நிரப்பிவிடுகிறது. இந்த நிரப்புதலை ராமச்சந்திரன் நுணுகி ஆராய்ந்தார். பார்வையில் மனத்தின் கணிப்புக்கும் பங்குண்டு என்று 11ஆம் நூற்றாண்டிலேயே இப்னுல் ஹைதம் தமது ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் விளக்கியிருப்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

கையோ காலோ போன பின்னும் மூளையில் அதற்குரிய இடம் போய்விடுவதில்லை. 1990களில், கை இழந்தோர் முன் ராமச்சந்திரன் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருந்த இடத்தில் தோன்றிற்று. நல்ல கையை விரித்தபோது, இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தனர், வலியும் தணிந்தது. எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. பிற்கால ஆய்வுகளின் முடிவுகளும் ஒருபடித்தாக இல்லை.

இவற்றைப் பெரியத்தாவுக்குப் படித்துக் காட்டினோம். நெடுநேரம் மௌனமாயிருந்தார். “அப்படியென்றால் எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை” என்றார்.

இப்போது மருத்துவரின் யோசனைப்படி, நாள்தோறும் அஸருக்குப் பின் பெரியம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அவர் இடக்காலின் விரல்களை மடக்கி நீட்டுகிறார். வலி குறைந்திருக்கிறது என்று சில நாள் சொல்கிறார். சில நாள் இல்லை என்கிறார்.